எலும்பு கூடாதது இருக்கட்டும், அந்தக் கசிவைக் கவனியுங்கள்

கேள்வி: ஒன்பது மாதத்துக்கு முன் பைக் விபத்தில் என் கணவருக்கு (வயது 36) முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ராடு வைத்தார்கள். இன்னும் எலும்பு கூடவில்லை, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். மரபணு ஏற்றிய, தானே கரையும் பஞ்சு வைத்தால் எலும்பு வளருமாம். ஓரிடத்தில் 4 லட்சம் கேட்கிறார்கள். அதனால் புற்றுநோய் வருமா, பிறக்கப்போகும் குழந்தையைப் பாதிக்குமா? பிரண்டை, ஆட்டுக்கால் சூப், கால்சியம் எல்லாம் கொடுக்கிறேன். சிகரெட்டைக் குறைத்துவிட்டார். தழும்பு ஓரத்தில் எப்போதாவது நீர் கசியும், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் நின்றுவிடும். காலுக்கு ஒன்றும் ஆகாதே டாக்டர்?

பதில்: அம்மா, இவ்வளவு எழுதிவிட்டு, முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். தோல் கிழிந்து முறிந்த எலும்பு, உள்ளே ராடு, ஒன்பது மாதமாகியும் கூடவில்லை, மேலே தழும்பில் கசிவு. இந்த நான்கும் ஒரே காலில் இருந்தால், உள்ளே எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். இல்லை என்று பரிசோதனை சொல்லட்டும், அப்புறம் நம்பலாம். எலும்பு கூடாததற்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம்.

மாத்திரை போட்டால் நின்றுவிடுகிறதே என்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும். கிருமிகள் உலோகத்தின் மேல் பாசி மாதிரி ஒரு படலம் கட்டி அதற்குள் உட்கார்ந்திருக்கும். மாத்திரை வெளியில் திரிவதைக் கொல்லும், படலத்துக்குள் இருப்பதைத் தொடாது. மருந்து தீர்ந்த கொஞ்ச நாளில் மறுபடி கசியும். இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அறுவை செய்து உள்ளிருந்து சதையும் எலும்பும் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பும்போது, கடையில் வாங்கிய அந்த அரைகுறை ஆன்டிபயாடிக்கால் கிருமி ஒன்றுமே வளராமல் போய்விடலாம், அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் துழாவ வேண்டியதுதான். பொதுவாக இரண்டு வாரமாவது மருந்தில்லாமல் வைத்திருந்துதான் மாதிரி எடுப்போம்.

அதனால் கடை மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, இந்த வாரத்துக்குள் அறுவை செய்த டாக்டரிடம் போய் கசிவைப் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள் (கசியாத நாளில் போனால் அவருக்குத் தெரியாது, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்). எக்ஸ்ரேயும், ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார். சிஆர்பி நார்மல் என்று வந்தாலும் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள், நாள்பட்ட சீழில் அப்படி வருவதுண்டு. மேலே வழியும் நீரைப் பஞ்சில் தொட்டுச் செய்யும் பரிசோதனையும் போதாது, அது பெரும்பாலும் தோலில் இருக்கும் கிருமியைத்தான் காட்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், கால் திடீரென்று சிவந்து வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போது அந்தப் பஞ்சு. விஷயம் பொய்யில்லை, அழகான யோசனை. எலும்பை வளரச் சொல்லும் புரதத்தை கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்கும் முறை ஏற்கெனவே உண்டு. பிஎம்பி-2 என்ற அந்தப் புரதத்தை அமெரிக்காவில் 2002-ல் முதுகெலும்புக்கும், 2004-ல் உங்கள் கணவருக்கு நடந்த மாதிரியான முறிவுக்கு ராடு வைக்கும்போது பயன்படுத்தவும் அனுமதித்தார்கள். ஆனால் உடம்பு சுரப்பதைப் போலப் பல மடங்கு அளவு கொட்ட வேண்டியிருந்தது. கழுத்துப் பக்க முதுகெலும்பில் வைத்தவர்கள் சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சே அடைத்து, 2008-ல் அந்த அரசே எச்சரிக்கை விட்டது. சரி, புரதத்தைக் கொட்டுவதற்குப் பதில் அதைச் செய்யும் குறிப்பை, அதாவது மரபணுவை, பஞ்சில் ஏற்றி வைத்தால் அங்கே வந்து சேரும் செல்களே சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளட்டும், பஞ்சும் கரைந்து போகட்டும் என்பதுதான் யோசனை. மிச்சிகனில் நாய்களின் கால் எலும்பில் செய்து 1999-ல் வெளியிட்டார்கள். 2017-ல் லாஸ் ஏஞ்சலஸில் குட்டை ரகப் பன்றிகளின் கால் எலும்பில் பஞ்சை வைத்து, மரபணுவைப் பிறகு ஊசியில் செலுத்தி, 1 செ.மீ. இடைவெளியையே எட்டு வாரத்தில் மூட வைத்தார்கள். மனிதர்களிடம் நடந்ததெல்லாம் சின்னச் சின்னச் சோதனைகள்தான்.

இந்தியாவில் அப்படி அனுமதி பெற்ற பொருள் எதுவும் விற்பனையில் இல்லை. சோதனை என்றால் அது அரசின் சிடிஆர்ஐ பதிவேட்டில் இருக்க வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 4 லட்சம் கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அது நிஜமாகவே கையில் கிடைத்தாலும், சீழ் இருக்கும் இடத்தில் எந்த டாக்டரும் வைக்க மாட்டார், சேற்றில் சிமென்ட் பூசுகிற கதை அது. குழந்தைப் பயம் வேண்டாம். பஞ்சில் வளைய வடிவில் ஏற்றும் இந்த மரபணு பெரும்பாலும் செல்லின் சொந்த மரபணுவோடு சேர்வதேயில்லை, சில வாரத்தில் அழிந்துவிடும், விந்தணுவுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. புற்றுநோய் என்று மிரட்டும் யூடியூப்காரர்களை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். வைக்கப்போவதில்லாத பொருளுக்கு எதற்கு இந்தக் கவலை?

காலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. சீழை இப்போதே பிடித்துவிட்டால் காலை எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. கெட்டுப்போன எலும்பைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ராடை எடுத்து, மருந்து கலந்த எலும்பு சிமென்டை ஆறு எட்டு வாரம் வைத்து, சீழ் அடங்கியபின் இடுப்பிலிருந்து எடுத்த எலும்பால் அந்த இடத்தை நிரப்புவார்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் ரஷ்ய டாக்டர் இலிசரோவ் கண்டுபிடித்த வளையம் மாட்டி, ஒரு நாளைக்கு 1 மி.மீ. வீதம் எலும்பை வளர்ப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும், பொறுமை சோதிக்கும், ஆனால் பலன் கொடுக்கும். இடுப்பிலிருந்து எடுப்பதற்குப் பயப்படுகிறவர்கள் நிறைய. பெரும்பாலோருக்குக் கொஞ்ச நாள் அந்த இடம் வலிக்கும், அவ்வளவுதான்; சிலருக்கு மட்டும் வலி நீடிக்கலாம்.

பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும், சூப்பும் குடிக்கட்டும், கெடுதல் இல்லை, இதற்கு அது மருந்தும் இல்லை. யாராவது எண்ணெய் தடவிக் கட்டுப் போடுகிறேன் என்று வந்தால் மட்டும் அந்தக் கசிவின் மேல் கைவைக்க விடாதீர்கள். சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயிலிருந்து எல்லாவற்றையும், மெடிக்கலில் வாங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கொண்டு போங்கள். அப்புறம் உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சிகரெட்டைக் குறைத்தால் போதாது. நிறுத்த வேண்டும், அறுவைக்கு முன்பே.