எம்.எஸ்.வி. இசைத்தட்டு ஆண்டேடு: கேள்வி பதில்

எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் வந்த தட்டுகளை ஆண்டுவாரியாகத் தொகுக்கும் புதுச்சேரி, கடலூர் வட்டாரச் சேகரிப்பாளர்கள் கேட்டவை. கேட்டவரின் ஊர்ப்பெயர் முதலில்; பதில் சொல்பவர் ஒருவரே, நடுவில் நெய்வேலிக்காரர் மட்டும் ஒருமுறை பதில் சொல்கிறார்.

லாஸ்பேட்டை: ஐயா, இப்போதுதான் ஆண்டேடு எழுதத் தொடங்குகிறேன். ஒரு தட்டுக்கு என்னென்ன குறிக்க வேண்டும்?

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அடுத்தவர் பட்டியலைப் பார்த்து எழுதினால் அவர் பிழையும் உங்கள் ஏட்டுக்கு வந்துவிடும். முதலில் லேபிளைப் பார்த்து நிறுவனம், லேபிள் நிறம், வெளியீட்டு எண், எந்தப் பக்கம், பாட்டின் முதலடி, பாடியவர், பாடலாசிரியர், இசை என்று எழுதுங்கள். முதலடி எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். பிழையாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.

அடுத்து தட்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் பொடியாகப் பொறித்திருப்பதுதான் மேட்ரிக்ஸ் எண். உறை மாறிப்போகும், தொழிற்சாலையில் லேபிளே மாற்றி ஒட்டியும் வரும். தட்டிலேயே பொறித்த எண்ணுக்கு அந்தக் கதி இல்லை. இரண்டு பிரதிகள் ஒரே அச்சா, வேறு வேறா என்ற சந்தேகத்தை அதை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று: தட்டின் ஆண்டு என்ற கட்டத்தில் படம் வந்த ஆண்டைப் போடாதீர்கள். பட ஆண்டுக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

அரியாங்குப்பம்: ‘காதலிக்க நேரமில்லை’ 1964. அப்படியானால் என்னிடம் உள்ள எல்.பி.யும் (நெடுநேரம் ஓடும் பெரிய தட்டு) 1964தானே?

இல்லை. 1964 என்பது படத்தின் ஆண்டு. தட்டு படத்துக்கு முன்பும் வரும், இருபது ஆண்டு கழித்து மறு அச்சாகவும் வரும். வட்டத்துக்குள் ‘பி’ எழுத்தும் பக்கத்தில் ஆண்டும் இருந்தால், அது அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு; உங்கள் பிரதி அச்சான ஆண்டு என்று அதையும் சொல்லிவிட முடியாது. நிறுவனப் பெயர் ‘சரிகம’ என்று இருந்தால் 2000-க்குப் பிந்தையது. எதுவும் தெரியாவிட்டால் ஆண்டுக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

மஞ்சக்குப்பம்: நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். 78 தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். ஒரே துடைப்பில் பாட்டு பதிந்த பள்ளங்கள் மழுங்கி, போன பாட்டு போனதுதான்.

முதலில் காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரப் பூஞ்சையைத் தேய்த்தால் பள்ளத்துக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் மெல்லிய தூரிகையால், பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தட்டுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. துணியை அதில் நனைத்துப் பிழிந்து, லேபிளில் படாமல் துடையுங்கள். உடனே வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை, பிறகு உலர்ந்த துணி. ஊறவைக்கக் கூடாது. விரிசல் விட்ட தட்டில் தண்ணீரே படக்கூடாது.

நம் கடற்கரைக் காற்றில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அலமாரியை மூடியே வைத்தால் பூஞ்சை திரும்ப வரும். தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். சிலிகா ஜெல் பை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். வெயிலில் காயப்போடுவது எல்.பி. போன்ற வினைல் தட்டை வளைத்துவிடும்.

சிதம்பரம்: என்னிடம் ‘பாசமலர்’ இருக்கிறது. என்ன விலை போகும்?

விலை இங்கே சொல்வதில்லை.

முத்தியால்பேட்டை: நம்மூர்ப் பாவேந்தரின் ‘சங்கே முழங்கு’ ‘கலங்கரை விளக்கம்’ படத்தில் வந்ததுதானே? இசை விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவர் பெயரிலா?

அதே படம், 1965. சீர்காழி கோவிந்தராஜனும் பி.சுசீலாவும் பாடியது. இசை எம்.எஸ்.வி. மட்டும். அதே ஆண்டில் சற்று முன்னால் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ இருவர் பெயரில். ஆகவே 1965-க்கு உங்கள் ஏட்டில் இரண்டு பகுதி வேண்டும்.

பண்ருட்டி: இது எம்.எஸ்.வி. ஆண்டேடு. இருவர் பெயரை எழுதி ஏன் குழப்ப வேண்டும்? இன்றைய சிடிகளில் எம்.எஸ்.வி. என்றுதானே போடுகிறார்கள்?

நெய்வேலி: குழப்பம் அந்த சிடிகள் செய்தது. 1952-இல் ‘பணம்’ முதல் 1965 வரை விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்பதே பெயர். மெல்லிசை மன்னர்கள் பட்டமே இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது.

பண்ருட்டி: மெட்டெல்லாம் எம்.எஸ்.வி. போட்டது என்கிறார்களே?

யார் எந்த மெட்டைப் போட்டார் என்பது ஆண்டேட்டின் வேலை அல்ல. வெளியீட்டில் அச்சான பெயரைப் பதிவதுதான் நம் வேலை. ‘பாவ மன்னிப்பு’, ‘கர்ணன்’, ‘புதிய பறவை’ எல்லாம் இருவர் பெயரில் வந்தவை. ராமமூர்த்தி பெயரை நீங்கள் விட்டுவிட்டால், உங்கள் ஏட்டைப் பார்த்து எழுதும் அடுத்தவரும் விடுவார். அந்தப் பதின்மூன்று ஆண்டு உழைப்பும் அப்படித்தான் காணாமல் போகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

செய்யவேண்டியது இது. ‘அச்சில் உள்ள இசைப் பெயர்’ என்று ஒரு கட்டம், ‘படத்தின் டைட்டிலில் உள்ள பெயர்’ என்று ஒரு கட்டம். இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். மறு அச்சில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால், விடுபட்டது என்றே குறியுங்கள். படம் ஓடியபோது கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம் கிடைத்தால் பெயர்களுக்கு அது நல்ல சாட்சி. ஆனால் படத்தில் வெட்டிய பாட்டும் அதில் இருக்கும், கவனம். 1966-இல் ராமமூர்த்தி தனியாக இசையமைத்த ‘சாது மிரண்டால்’, ‘தேன் மழை’ இரண்டும் உங்கள் ஏட்டில் வரக்கூடாது. 1995-இல் இருவரும் மறுபடி சேர்ந்த ‘எங்கிருந்தோ வந்தான்’ வரவேண்டும்.

வில்லியனூர்: எம்.எஸ்.வி. மற்றவர் இசையில் பாடியவை?

தனிப் பிற்சேர்க்கை. ‘சங்கமம்’ (1999), ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) அங்கே போகும்.

திருப்பாதிரிப்புலியூர்: எல்.பி. முள்ளிலேயே 78 தட்டைப் போடலாமா?

கூடாது. 78-க்கு 3 மில் முள், எல்.பி.க்கு 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சின்ன முள் பள்ளத்தின் அடியில் உருண்டு குப்பையைத்தான் கிளறும். இரைச்சல் வரும், முள்ளும் தேயும்.

பாகூர்: ‘உலகம் சுற்றும் வாலிபன்’ இ.பி. (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறிய தட்டு) ஆண்டு 1973 என்று போடலாமா?

அரியாங்குப்பத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விருத்தாசலம்: ஞாயிறு சந்தையில் எல்.பி. வாங்கினேன், விலை சரியா?

சிதம்பரத்துக்குச் சொன்னதுதான். வாங்கும்போது உறைக்குள் இருக்கும் தட்டின் எண்ணும் உறை எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் அங்கேயே பாருங்கள். புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் உறை ஒன்று, உள்ளே தட்டு வேறு என்பது நடக்கும்.

பண்ருட்டி: சரி ஐயா. என்னிடம் உள்ள ‘ஆயிரத்தில் ஒருவன்’ இ.பி.யைப் பார்த்தேன். உறையில் இருவர் பெயரும், லேபிளில் ஒருவர் பெயரும் இருக்கிறது.

நல்லது. முதலில் மேட்ரிக்ஸ் எண்ணைப் பாருங்கள், உறை மாறியிருக்கலாம். எண்கள் பொருந்தினால் உறையில் உள்ளது, லேபிளில் உள்ளது என இரண்டு வரியாக எழுதி, இரண்டுக்கும் படம் எடுத்துச் சேருங்கள்.