வயதானால் மூளையின் காவல் செல்களே நினைவாற்றலைக் கெடுக்குமா?

மூளைக்கென்றே இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்லுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919இல் ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஹோர்த்தேகா இதை அடையாளம் கண்டு பெயரிட்டார். கிருமி, செத்த செல், கழிவுப் புரதம் ஆகியவற்றை விழுங்குவதும், வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பதும் இதன் வேலை.

வயதாக ஆக இரண்டு கோளாறுகள் வருகின்றன. விழுங்கியது முழுதாகச் செரிக்காமல், லிப்போஃபஸ்சின் என்ற கசடாகச் செல்லுக்குள்ளேயே தங்குகிறது. அதனால் அமிலாய்டு போன்ற கழிவை அகற்றும் வேகம் குறைகிறது. இரண்டாவதுதான் மோசம்: செல் எப்போதும் பாதி உசுப்பிய நிலையில் இருப்பதால், சின்னத் தூண்டலுக்கும் இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் பொருள்களை அளவுக்கு மீறிச் சுரக்கிறது, நல்ல இணைப்புகளும் வெட்டுப்படலாம். செம்பனைத் தோட்டத்தில் கானும் தூர் வாராமல், புல் வெட்டும்போது கன்றையும் சேர்த்து வெட்டினால் எப்படி, அப்படித்தான்.

சிறுநீர்த் தொற்று வந்த பாட்டி ஒரே நாளில் ஆள் தெரியாமல் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "வயசாச்சு" என்று விடாதீர்கள். அன்றைக்கே கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டி, சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும். வாய் கோணினாலோ கை விழுந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே (மலேசியாவில்) 999ஐ அழையுங்கள். மெல்ல வரும் மறதிக்கு இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, காது கேட்பது மூன்றையும் கவனியுங்கள், தினமும் நடக்கட்டும்.

"எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் மறதி, டானிக் கொடுத்தால் சரியாகும்" என்பது தவறு; இங்கே அந்தச் சக்தி அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காததும் கோளாறில் ஒரு பங்கு.