அண்டை நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சிக்குப் பணம் போடும்போது: கேள்வி பதில்

கேள்வி: நான்கைந்து நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சிக்குப் பணம் போட்டால், போட்ட அளவு அவரவர் நாட்டுக்குத் திரும்பி வருமா சார்?

பதில்: எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு முறையில் எல்லோரும் ஒரே உண்டியலில் போட்டு, தரம் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். இன்னொன்றில் தேர்வு மட்டும் பொது. ஒவ்வொரு நாடும் தன் ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் பணம் தரும். நிதி அமைச்சகங்களுக்குப் பிடித்தது இந்த இரண்டாவது முறைதான். வரிப்பணம் எல்லை தாண்டவில்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

ஆனால் தேர்வுக் குழு உட்காரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தரவரிசையில் நான்காவதாக வந்த திட்டத்தில் பங்கேற்கும் ஒரு நாட்டின் பணம் முதல் மூன்றிலேயே தீர்ந்திருக்கும். அந்தத் திட்டம் விழுந்துவிடும். ஒன்பதாவதாக வந்ததோ, அந்த நாடு அதில் இல்லை என்ற ஒரே காரணத்தால் பணம் வாங்கிக்கொண்டு போகும். குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. நோர்டிக் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளுக்காக 2005-ல் ஆஸ்லோவில் தொடங்கிய நோர்ட்ஃபோர்ஸ்க் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பு பொது உண்டியலைத்தான் வலியுறுத்தி வருகிறது. என் ஓட்டும் அதற்கே.

கேள்வி: போட்டதைத் திரும்பக் கேட்பது அவ்வளவு தப்பா?

பதில்: தப்பில்லை, இடம் பார்த்துக் கேட்க வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையில், ஒரு நாடு போட்ட பங்குக்கு ஏற்ப அந்நாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்த வேலை போக வேண்டும் என்பது விதி. ராக்கெட் பாகம் செய்யும் தொழிலுக்கு அது ஓரளவு பொருந்தும். செலவு கூடுகிறது என்ற புகாரும் கூடவே உண்டு.

2007-ல் வந்த ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் இதற்கு நேர் எதிர். நாட்டுக் கணக்கே கிடையாது, ஆய்வின் தரம் ஒன்றுதான். விளைவு, நல்கைகளில் பெரும்பகுதி மேற்கு, வடக்கு ஐரோப்பாவுக்கே போகிறது. கிழக்கு நாடுகளின் குறை நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் போட்டிக்குள் ஒதுக்கீடு கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். ஆய்வகங்களை வலுப்படுத்தத் தனி நிதி வையுங்கள்; ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏழாண்டு ஆராய்ச்சித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது.

கேள்வி: சின்ன நாட்டின் பேச்சு எடுபடுமா?

பதில்: விதியில் எழுதியிருந்தால் எடுபடும். 1954-ல் 12 நாடுகளோடு தொடங்கிய செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு அமைப்பில், வருமானத்துக்கு ஏற்பச் சந்தா, ஆனால் நாட்டுக்கு ஒரே ஓட்டு.

கேள்வி: அரசியல் சண்டை வந்தால் ஆய்வு என்ன ஆகும்?

பதில்: சுவிட்சர்லாந்தைக் கேளுங்கள். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அதைத் தொடர்ந்து, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத அந்த விவகாரத்தால், ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்தில் அவர்களின் இடம் ஆட்டம் கண்டது. 2017-ல்தான் முழுதாகத் திரும்பினார்கள். 2021-ல் வேறொரு பேச்சுவார்த்தை முறிந்து, மறுபடி சில ஆண்டுகள் வெளியே நின்றார்கள். சுவிஸ் அரசு தன் கையிலிருந்து மாற்று நல்கை கொடுத்தது. பணம் ஈடாகிவிட்டது, பெரிய கூட்டுத் திட்டங்களுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு ஈடாகவில்லை. பிரிட்டனும் இதேபோல் வெளியே நின்று, 2024 ஜனவரியில்தான் சேர்ந்தது.

கேள்வி: பகை நாடுகளே ஒன்றாக உட்கார முடியுமா?

பதில்: ஜோர்டானில் உள்ள செசமி ஆய்வகத்தின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள்: ஈரானும் இஸ்ரேலும் ஒரே பட்டியலில். ஜெர்மனி தானமாகக் கொடுத்த பழைய துகள்முடுக்கி இயந்திரத்தில் முளைத்த யோசனை, 2017-ல் திறப்பு விழா கண்டது. அப்புறம் அங்கே கழுத்தை நெரித்தது பகையைவிட மின்கட்டணம். கடைசியில் சூரிய மின் நிலையம் அமைத்துத்தான் சமாளித்தார்கள். கட்டுவதற்குப் பணம் தரும் நாடுகள், ஓட்டுவதற்குத் தர யோசிக்கும். ஒப்பந்தம் போடும் நாளிலேயே மின்சாரம், பராமரிப்பு, சம்பளம் மூன்றையும் யார் தருவார் என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நான் முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. என்னைப் போன்றவர்கள் கொள்கையில் கை வைக்க முடியுமா?

பதில்: முடியும், நேரம் தெரிந்தால். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏழாண்டு ஆராய்ச்சித் திட்டத்தை ஆணையம் முன்மொழியும். நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் மன்றமும் பேரம் பேசி முடிக்கும். 2028 முதல் 2034 வரைக்கு 175 பில்லியன் யூரோ என்று 2025 ஜூலையில் முன்மொழிந்தார்கள். அந்தத் தொகையில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதற்குள் எந்தத் தலைப்புகளுக்கு விண்ணப்பம் கேட்பது என்று அவ்வப்போது பணித்திட்டம் தயாராகும். அதன் வரைவை ஒவ்வொரு நாட்டின் பிரதிநிதியும் குழுவில் படித்துத் திருத்தம் சொல்வார். உங்கள் நாட்டுப் பிரதிநிதி யார் என்று கண்டுபிடித்து, எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். இருபது பக்க அறிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு எழுதினால் அது வெறும் புலம்பல்.