எல்லாருக்கும் ஒரே ஜிஎஸ்டிதானே, ஏழைக்கு மட்டும் எப்படிப் பாரம் அதிகம்?

வரி விகிதம் ஒன்றுதான். சம்பளம் ஒன்றில்லையே!

பாலக்கோட்டில் மாதம் 15,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம், வரியுள்ள பொருட்களுக்கு 6,000 செலவழிக்கிறது என்று வையுங்கள். 5% என்றால் 300 ரூபாய், வருமானத்தில் 2%. ஓசூரில் 1,50,000 சம்பளம் வாங்குபவர் 24,000-க்கு வாங்கினாலும் வரி 1,200 ரூபாய், வருமானத்தில் 0.8%தான். ரூபாயில் அவர் கட்டுவது நாலு மடங்கு, உண்மைதான். ஆனால் மிச்சப் பணம் வங்கியில் கிடக்கும். சேமிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் விலக்குகள். சந்தையில் மூட்டையைப் பிரித்து அளந்து போடும் கேழ்வரகுக்கு வரி இல்லை. அதையே மாவாக்கி, பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 2022 ஜூலையிலிருந்து 5%. குளியல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 2025 செப்டம்பர் 22 அன்றுதான் 18%-லிருந்து 5%-க்கு இறங்கின. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுச் சோப்புக்கு எட்டு வருஷமாக 18% வாங்கியதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரேஷனில் இலவச அரிசி, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று வரிப்பணம் திரும்பி வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வராது. அதற்குப் பதிலாக மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் வாட் என்கிற விற்பனை வரி இரண்டும் உண்டு. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு டூவீலரில் ஷிஃப்டுக்குப் போகிறவரும், அவரைத் தாண்டிக் காரில் போகிறவரும் லிட்டருக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள்.