‘ஏனோ ஒத்துவரவில்லை’: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஒருவரைப் பார்த்தவுடன் நமக்குள் எழும் அபிப்பிராயத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். போன மாதம் நேர்காணலுக்கு வந்த ஒருவரை வேண்டாம் என்றேன். ஏன் என்று சக ஊழியர் கேட்டபோது ‘ஏனோ நம்ம டீமுக்கு ஒத்துவர மாட்டார்னு தோணுது’ என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மனசறிந்து யாருக்கும் ஓரவஞ்சனை செய்தவள் இல்லை நான். நான் செய்தது தப்பா?

பதில்: ‘மனசறிந்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஓரவஞ்சனை என்றால் தெரிந்தே செய்வது என்று நினைத்துப் பழகிவிட்டோம். அதனால் மனசுக்குள் துழாவிப் பார்த்து, அங்கே யார் மேலும் வெறுப்பு இல்லை என்று கண்டதும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் ஆழ்மனச் சாய்வு, அலுவலகப் பயிற்சிகளில் அன்கான்ஷியஸ் பயாஸ் என்கிறார்களே அது, பெரும்பாலும் வெறுப்பாக வருவதில்லை. அந்த ஆளைப் பற்றி நாமே கவனித்துத் தெரிந்துகொண்ட தகவல் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு கேள்வி கேட்கிறீர்கள். எதிரில் இருப்பவர் மூன்று நொடி பேசாமல் இருக்கிறார், பார்வை மேஜைக்கு இறங்குகிறது, பிறகு பதில் சொல்கிறார். அவர் உங்களைப் போலவே பேசுபவர், உங்களைப் போலவே படித்து வந்தவர் என்றால் உங்கள் தாளில் ‘நிதானமாக யோசித்துச் சொல்கிறார்’ என்று ஏறும். அப்படி இல்லாதவர் என்றால் அதே மூன்று நொடி ‘தடுமாறுகிறார்’ என்று ஆகிவிடும். இரண்டு முறையும் நீங்கள் பொய் எழுதவில்லை, கண்ணுக்குப் பட்டதைத்தான் எழுதினீர்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். தனக்குக் காமாலை என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அதில் பெரிய கஷ்டம்.

2005இல் எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். போலீஸ் தலைமைப் பதவிக்கு இரண்டு விதமான விண்ணப்பங்கள், சிலவற்றில் ஆண் பெயர், சிலவற்றில் பெண் பெயர். ஒன்றில் களத்தில் அடிபட்ட அனுபவம் நிறைய, படிப்பு குறைவு. மற்றதில் படிப்பு நிறைய, கள அனுபவம் குறைவு. ஆணிடம் கள அனுபவம் இருப்பதாகக் காட்டினால், மதிப்பிட்டவர்கள் ‘இந்த வேலைக்குக் கள அனுபவம்தான் முக்கியம்’ என்றார்கள். ஆணிடம் படிப்பு இருப்பதாகக் காட்டினால் படிப்புக்கு எடை ஏறியது. ஆளை முதலில் தேர்ந்துவிட்டு, அளவுகோலை அவருக்கு ஏற்றபடி வெட்டித் தைத்திருக்கிறார்கள், அதுவும் தாங்கள் அப்படிச் செய்கிறோம் என்றே தெரியாமல். என்னை உலுக்கியது அடுத்த விஷயம்: தான் மிகவும் நடுநிலையானவன் என்று நம்பியவர்களிடம்தான் இந்தச் சாய்வு அதிகம் இருந்தது. விண்ணப்பத்தைப் பார்க்கும் முன்பே எது முக்கியம் என்று சொல்லச் சொன்னபோது அந்தப் பாகுபாடு போய்விட்டது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, மனசைச் சுத்தம் செய்வதில் நேரம் செலவழிக்காதீர்கள், முறையை மாற்றுங்கள். முதல் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே அந்த வேலைக்கு என்னென்ன தேவை என்று நாலைந்து வரி எழுதி வையுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொருவரும் வெளியே போனதும், குழுவில் யாரும் வாய் திறப்பதற்கு முன்பு, அவரவர் மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் மூத்தவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் மீதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அப்புறம், ‘ஒத்துவர மாட்டார்’ என்று யார் சொன்னாலும் ‘எந்த வேலையில், எதனால்’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தக் கருத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முடிந்தால் நேர்காணலுக்கு முந்திய சுற்றில் பெயரையே மறைத்துவிடுங்கள். மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து 2004இல் எழுதினார்கள். ஒரே தரத்திலான விண்ணப்பங்கள்தான், ஆனால் வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இந்தியாவில் இதே போன்ற சோதனையைச் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்து 2007இல் வெளியிட்டபோது, தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது. பெயரைப் படித்த கை தன்னையறியாமல் அடுத்த தாளுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது.

தப்பா என்று கேட்டீர்கள். அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் அவரை மறுபடி கூப்பிடுங்கள். நீங்கள் தரவேண்டிய உண்மையான பதில் அதுதான்.

கேள்வி: ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். இதுவரை என் கணிப்பு தப்பியதே இல்லை. இதைப் போய்ச் சாய்வு என்கிறீர்களே!

பதில்: தப்பவில்லை என்று எப்படித் தெரியும்? நம்பக்கூடாது என்று நீங்கள் ஒதுக்கிய ஆள்களோடு அதற்குப் பிறகு பழகினீர்களா? அவர்கள் நல்லவர்களாக இருந்திருந்தாலும் அது உங்கள் காதுக்கு வரப்போவதில்லை.

கணிப்பு வேகமாக வருகிறது என்பது சரி. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும், இவர் நம்பத்தக்கவரா, திறமைசாலியா என்று மனிதர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள் என்று ஜனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடொரோவ் இருவரும் 2006இல் காட்டினார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை. அந்த முடிவின் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் கூடியது.

அதைவிட முக்கியம், நம் கணிப்பு எதிரில் இருப்பவரையே மாற்றிவிடும். 1977இல் மார்க் ஸ்னைடரும் அவரோடு இருந்தவர்களும் முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் தொலைபேசியில் பேசவைத்தார்கள். பேசும் முன் ஆணிடம் ஒரு பெண்ணின் படம் கொடுக்கப்பட்டது, சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படி இல்லாத முகம். படத்துக்கும் மறுமுனையில் பேசிய பெண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. பிறகு, இந்த ஏற்பாடு எதுவும் தெரியாத வேறு சிலர் பெண்ணின் குரலை மட்டும் கேட்டு மதிப்பிட்டார்கள். அழகி என்று நினைத்துப் பேசிய ஆண்களோடு பேசிய பெண்களின் பேச்சில் கனிவும் கலகலப்பும் கூடுதலாக இருந்தன. ‘ரொம்ப இறுக்கமான ஆள்’ என்று முடிவு கட்டிவிட்டு நாம் இறுக்கமாகப் பேசினால், அவர் எப்படிப் பேசுவார்?

கேள்வி: ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு மாணவியின் தாளைத் திருத்த எடுக்கும்போதே ‘இவள் நன்றாக எழுதியிருப்பாள்’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இன்னொருவனின் தாள் என்றால் கையிலேயே ஓர் அலுப்பு. இது மதிப்பெண்ணைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். இதைக் கேட்கத் தோன்றியதற்காகவே உங்கள் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

ஜான் டார்லி, பேஜெட் கிராஸ் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்காகவே செய்தது போல இருக்கும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீடியோ. சிலருக்கு அவள் வசதியான சூழலில் வளர்பவள் என்று காட்டினார்கள், சிலருக்கு வசதி இல்லாத சூழல். அதோடு நிறுத்தி அவள் திறமையை மதிப்பிடச் சொன்னபோது, பெரும்பாலும் அவள் வகுப்புக்கு உரிய அளவிலேயே மதிப்பிட்டார்கள். அதாவது சூழலை மட்டும் வைத்து முடிவு சொல்ல அவர்களுக்கே கூச்சம் இருந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வேறு சிலருக்கு, அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் காட்சியையும் சேர்த்துக் காட்டினார்கள். கடினமான கேள்விக்குச் சரியாகச் சொல்வாள், எளிதான ஒன்றைக் கோட்டைவிடுவாள், இப்படி இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காட்சி. எல்லோரும் பார்த்தது அதே காட்சிதான். அதைப் பார்த்த பிறகு, வசதியான வீட்டுப் பெண் என்று நினைத்தவர்கள் அவள் திறமையை உயர்த்திச் சொன்னார்கள், மற்றவர்கள் தாழ்த்திச் சொன்னார்கள். ஆதாரம் கையில் கிடைத்ததும் கூச்சம் போய்விட்டது, ஆனால் அந்த ஆதாரத்தில் அவரவருக்கு வேண்டிய பாதியைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வழி: பெயர் தெரியாதபடி முதல் பக்கத்தை மடித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை முழுதாகத் திருத்தி முடித்து அடுத்ததற்குப் போகாமல், முதல் கேள்வியை எல்லாத் தாள்களிலும் திருத்துங்கள், பிறகு கட்டைக் கலைத்துப் போட்டு இரண்டாவது கேள்வி. முதல் விடை அபாரமாக இருந்தால் அந்த வெளிச்சம் அடுத்த விடையிலும் விழும். 1920இலேயே எட்வர்ட் தார்ண்டைக் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழிருந்தவர்களை மதிப்பிட்டபோது, உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியாகப் போடவேண்டிய மதிப்பெண்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கையெழுத்து மட்டும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும், அதற்கு முழுத் தீர்வு கிடையாது. சந்தேகம் வரும் தாளை இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஆழ்மனச் சாய்வைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் ஒன்று செய்தேன். எனக்குச் சாய்வு அதிகம் என்று வந்தது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பதில்: தூங்குங்கள். அந்தச் சோதனையை ஆந்தனி கிரீன்வால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் வெளியிட்டார்கள். சில சொற்களையும் முகங்களையும் சேர்த்து வகைப்படுத்த எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்பதை அது அளக்கிறது. பல ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சமூகத்தின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும். ஆனால் அதே ஆள் இன்னொரு நாள் செய்தால் வேறு முடிவு வரலாம், எனவே தனி மனிதருக்கு அதை ரத்தப் பரிசோதனை முடிவு போல எடுத்துக்கொள்ளக் கூடாது. 492 ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இந்த மாதிரிச் சோதனைகளில் மதிப்பெண்ணை மாற்றிவிட்டால் நடத்தையும் மாறும் என்பதற்குச் சான்று இல்லை என்றது. ஒரு மதியப் பயிற்சி வகுப்போடு எல்லாம் சரியாகிவிட்டதாக நினைக்கும் நிறுவனங்களுக்கும் இது சேரும். மதிப்பெண்ணை விடுங்கள். போன வாரம் யார் பேச்சை இடையில் வெட்டினீர்கள், யாரிடம் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சரிபார்த்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள், அதில் தெரியும்.

கேள்வி: நான் தாமதமாக வந்தால் வழியில் ஏதோ நெருக்கடி என்று தோன்றுகிறது, மற்றவர்கள் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர்கள் என்று தோன்றுகிறது. எல்லோருக்கும் இப்படித்தானா?

பதில்: எல்லோருக்கும்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கேள்வி: நான் டாக்டர். வார்டுக்குள் நுழைந்தால் ‘சிஸ்டர்’ என்கிறார்கள், என்னோடு வரும் ஜூனியர் ஆணிடம் ‘டாக்டர்’ என்று விவரம் சொல்கிறார்கள். பெண்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் சொன்னால் ‘சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதே’ என்கிறார்கள். நான்தான் பெரிசாக்குகிறேனா?

பதில்: இல்லை. ஒரு தடவை என்றால் சின்ன விஷயம். தினமும் என்றால், ஒவ்வொரு அறையிலும் முதல் இரண்டு நிமிடத்தை ‘நான் யார்’ என்று நிரூபிப்பதில் கழிக்கிறீர்கள், உங்கள் ஜூனியருக்கு அந்தச் செலவு இல்லை. பெண்களும் அப்படிச் செய்வதில் ஆச்சரியமில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பினார்கள், பாதிப் பேருக்கு ஆண் பெயரில், பாதிப் பேருக்குப் பெண் பெயரில். பெண் பெயர் இருந்தால் திறமை குறைவு என்று மதிப்பிட்டார்கள், குறைந்த சம்பளம் சொன்னார்கள். பெண் பேராசிரியர்களும் அதையேதான் செய்தார்கள். ஒரே காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறோம்.

இதை எழுதும் எனக்கும் அதில் பங்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக இரண்டு பொறியாளர்களைச் சந்தித்தேன், ஓர் ஆண், ஒரு பெண். நான் கேள்வி கேட்கக் கேட்க, அந்த ஆண் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருந்த பெண் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் திரும்பியதும் அந்தப் பெண் பதில் சொல்வார், நான் குறித்துக்கொள்வேன், அடுத்த கேள்வியை மறுபடியும் அந்த ஆணைப் பார்த்துக் கேட்பேன். நாலாவது தடவை அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘டிசைன் முழுக்க இவங்க செஞ்சது. நான் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. நீங்க இவங்களையே கேளுங்க’ என்றார். குரலில் கோபம் இல்லை. நான் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் ‘பரவாயில்லை’ என்று சொன்ன வேகத்தில், அதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று தெரிந்தது.

அதனால் உங்கள் ஜூனியரிடம் பேசுங்கள் என்பேன். திருத்தும் வேலையையும் நீங்களே சுமக்க வேண்டாம். அடுத்த முறை வார்டில் யாராவது அவரைப் பார்த்து ‘டாக்டர்’ என்று ஆரம்பித்தால், ‘பெரிய டாக்டர் இவங்கதான், இவங்ககிட்ட சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு அவர் ஒரு அடி பின்னால் நிற்கட்டும்.