ரம் பாட்டிலில் போடும் பணம் முதலீடு ஆகுமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்கிறேன், வயது 41. ஐந்து வருடமாக நல்ல ரம் பாட்டில்களை வாங்கிச் சேர்க்கிறேன். இப்போது முப்பது இருக்கும். போனஸ் 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வந்திருக்கிறது. பிரிட்டன் ஏலத் தளத்தில் கரோனி பாட்டில்கள் இரண்டு மூன்று எடுக்கலாம் என்று ஆசை. விலை ஏறிக்கொண்டே போகிறது, இதுவும் முதலீடுதானே என்றால் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். கடன்பற்று அட்டையில் 6,000 பாக்கி. கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்கு வரும்.

பதில்: உங்கள் ஆசை புரிகிறது. டிரினிடாடில் கரோனி ஆலை 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கிடங்கில் மிஞ்சிய பீப்பாய்களை லூகா கர்கானோ என்ற இத்தாலியர் 2004-ல் கண்டு, வேலியர் நிறுவனத்தின் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்றார். இனி அந்த ரம்மை யாராலும் வடிக்க முடியாது, விலை ஏறியதற்கு அதுதான் காரணம். ஆனால் ரம்முக்கு வயது கூடுவது பீப்பாயில் இருக்கும்வரைதான். பாட்டிலுக்குள் போன 12 வருட ரம், உங்கள் அலமாரியில் இன்னும் பத்து வருடம் இருந்தாலும் 12 வருட ரம்தான். அது வட்டியும் தராது, வாடகையும் தராது. அடுத்தவர் கூடுதல் விலைக்குக் கேட்டால்தான் லாபம்.

கணக்கைப் பார்ப்போம். 700 மில்லி பாட்டில், 60 சதவீத ஆல்கஹால், ஏலத்தில் 1,000 வெள்ளிக்கு முடிகிறது என்று வையுங்கள். வாங்குபவர் கமிஷன் 12 சதவீதம் என்றால் 120. அனுப்புகூலியும் காப்புறுதியும் 80 என்று வைப்போம். இங்கே வந்ததும் மதுவுக்கான கலால் தீர்வை, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி வீதம், உங்கள் பாட்டிலுக்கு ஏறக்குறைய 37. இவை எல்லாவற்றின் மேலும் 9 சதவீதப் பொருள் சேவை வரி, அது 111. ஆக மொத்தம் 1,348. பாட்டில் வீட்டு வாசலுக்கு வரும்போதே 35 சதவீதம் பின்தங்கியிருக்கிறீர்கள். விற்கும்போதும் கமிஷன் உண்டு. உரிமம் இல்லாமல் இங்கே மது விற்கக் கூடாது, அதனால் மறுபடி வெளிநாட்டு ஏலத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மசேநி (மத்திய சேமநிதி) சிறப்புக் கணக்கோ சும்மா இருந்தாலே 4 சதவீதம் தருகிறது. இந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

அதற்காகச் சேர்ப்பதையே விடச் சொல்லவில்லை. முதலீடு என்ற பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். இது உங்கள் ரசனைக்கான செலவு, அதற்கு ஒரு வரம்பு வேண்டும். அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும், எந்த ரம்மும் அந்த வேகத்தில் ஏறும் என்று நம்ப முடியாது. முதலில் 6,000-ஐ இந்த வாரமே அடைத்துவிடுங்கள். 5,000 அவசரக் கையிருப்புக்குப் போகட்டும். மீதி 1,000 உங்களுடையது, அதை மனநிறைவோடு செலவு செய்யுங்கள்.

அந்த ஆயிரத்துக்குக் கரோனி மட்டும்தானா என்றும் யோசியுங்கள். பார்படாஸின் ஃபோர்ஸ்குவேர், ஜமைக்காவின் ஹாம்ப்டன் இரண்டும் இன்றும் வடிக்கும் ஆலைகள், தரத்தில் குறைந்தவை அல்ல. கயானாவின் டெமராரா ரம்மில் போர்ட் மொரன்ட் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ரம் வடிக்கும் ஒரு பழைய மரக் கொப்பரையின் பெயர், இன்றும் ஓடுகிறது. போர்ட் மொரன்ட் ஊர் இருக்கும் பெர்பிஸ் கரையின் கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிப் போன நம்மவர்களின் சந்ததி இன்னும் அங்கே இருக்கிறது. எனக்கு அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஒரு கணம் நின்றுவிடும்.

இருக்கும் முப்பதையும் பத்திரமாக வையுங்கள். என் உறவினர் ஒருவர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மேற்கு ஜன்னலோரம் படுக்க வைத்திருந்தார். மூன்றே வருடத்தில் லேபிள் வெளுத்து, தக்கை ஊறிப் பொடிந்து, கழுத்துவரை இருந்த ரம் தோளுக்கு இறங்கிவிட்டது. அதைப் பார்த்து அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நிமிர்த்தி, இருட்டில் வையுங்கள். வீட்டுக் காப்புறுதியில் இவை அடங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏலம். மேலே சொன்ன செலவுகள்படி மொத்தம் 1,000-க்குள் முடிய வேண்டுமானால் உங்கள் கடைசிக் கேட்பு 710 வெள்ளி. அதைத் தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏலத்தில் உட்காருங்கள்.