டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு அடிக்கடி லோ (சர்க்கரை அளவு மிகக் குறைவு) ஆனால்: கோதுமையை இப்போதே நிறுத்தாதீர்கள்

வணக்கம் சகோதரி. ஒன்பது வயது மகளுக்கு டைப் 1 வந்து இரண்டு வருடம். அதே இன்சுலின் அளவிலேயே சர்க்கரை 60-க்குக் கீழே இறங்குகிறது, வயிறு உப்புகிறது, உயரம் கூடவில்லை, கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து இப்போது வேண்டாம். சப்பாத்தி, பிஸ்கட்டை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தால், சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) இருந்தாலும் நெகட்டிவ் என்று வந்துவிடலாம். டைப் 1-க்கும் சீலியாக்குக்கும் பொதுவான மரபணுக்கள் இருப்பதால் ஒரே பிள்ளைக்கு இரண்டும் வருவதுண்டு. சீலியாக் இருந்தால் குடல் உணவைச் சரியாக உறிஞ்சாது, ஊசியில் போன இன்சுலின் மட்டும் முழுதாக வேலை செய்யும். லோ ஆவதற்கு அது ஒரு காரணம். சீலியாக்கைக் கண்டறியும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையோடு மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் பொருள்) அளவையும் கேளுங்கள். மொத்தமே குறைவாக இருந்தால் முதல் முடிவை நம்ப முடியாது.

அதே ரத்தத்தில் தைராய்டுக்கான டிஎஸ்எச், ஃப்ரீ டி4, டிபிஓ ஆன்டிபாடியும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. ஈறும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்திருக்கிறதா, பிள்ளை உப்பை அள்ளித் தின்கிறாளா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அடிசன் நோயாக (அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத நோய்) இருக்கலாம். காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) அளவு பார்ப்பது தேவை. அடிசன் இருப்பது தெரியாமல் தைராய்டு மருந்தான தைராக்சின் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தியோடு சோர்ந்து படுத்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.